சூளைச் சுவரைப் பார்த்து நின்ற நாய்

உங்கள் வீட்டு நாய் ஒரு சாயங்காலம் வெறும் சுவரைப் பார்த்து அசையாமல் நின்றால், தயவுசெய்து முதலில் அதன் கண்ணைப் பாருங்கள். சுவரைப் பார்க்காதீர்கள். நாங்கள் ஒரு பனிக்காலம் முழுக்கச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பீங்கான் கம்பெனிச் சங்கு ஊதும்போது எழுந்து, தலைமுடியில் ஒட்டிய வெள்ளைக் களிமண் மாவைத் தட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர்கள் நாம். இப்போது நமக்கே காதோரம் நரைக்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று நாய்க்குட்டி வாங்கி வளர்க்கிறோம், அதற்குச் சட்டைகூடப் போடுகிறோம். அந்தக் காலத்தில் நாய்க்கு டாக்டர் இருக்கிறார் என்பதே எங்கள் சந்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. மாட்டாஸ்பத்திரி என்றால் மாட்டுக்கு. அவ்வளவுதான்.

விருத்தாசலத்தில் எங்கள் சந்து ஒரு சின்ன பொம்மைக் கம்பெனியின் முதுகை ஒட்டியிருந்தது. சந்தின் கடைசி வீடு என் சித்தியுடையது. அவர் அம்மாவின் தங்கை. அந்த வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் சூளை. அங்கே சூளை போடுகிறவர் என் சித்தப்பா. தீயை ஏற்றுவதும், துளை வழியாகத் தீயின் நிறத்தைப் பார்த்துக் குறைப்பதும், ஆறும்வரை காத்திருப்பதும் அவர் வேலை. வெந்து வந்த பொம்மைகளை வீட்டுக்கு எடுத்துவந்து கண் வரைவது சித்தியின் வேலை. சட்டை, நகை, உதடு எல்லாம் மற்றப் பெண்கள் தீட்டுவார்கள். கண் மட்டும் சித்திக்கு வரும். அதனால் அந்த வீட்டில் எப்போதும் பலகை பலகையாகக் கண்ணில்லாத முகங்கள் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். நாங்கள் அதன் நடுவில்தான் கோலிக்குண்டு விளையாடினோம். பயமாக இருந்ததில்லை. அந்தப் பனிக்காலத்துக்கு முன்பு.

அவர்களுக்குப் பிள்ளையில்லை. செவலை என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. சித்தப்பாவின் மொபெட்டில் அவர் கால்களுக்கு நடுவே உட்கார்ந்து, காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, முதலாளி மாதிரி ஊர் சுற்றும். டீக்கடையில் அதற்குத் தனியாக ஒரு பொறை ரொட்டி உண்டு.

மழை விட்டிருந்த ஒரு நாள் சித்தப்பா கம்மாபுரம் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். செவலையும் ஏறிக்கொண்டது. மத்தியானத்துக்கு மேல் செவலை மட்டும் தனியாக நடந்து வந்தது. முகமெல்லாம் சேறு. வாசற்படியில் ஏறாமல் தெருவிலேயே நின்று சித்தியைப் பார்த்தது. அதற்கு அப்புறம்தான் லாரி மோதிய செய்தியோடு ஆட்கள் வந்தார்கள்.

சந்து முழுக்க அதையேதான் பேசியது. சேதி சொல்ல வந்துச்சு பாரு, வாயில்லா ஜீவன், ஆளுக்கு முந்தி அது வந்து சொல்லிச்சு என்றார்கள். துக்கத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களும் முதலில் நாயை வந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். யாரோ அதன் முன்னால் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தார்கள். முகத்தில் இருந்த சேற்றை யாரும் துடைக்கவில்லை. சேறு தானாகக் காய்ந்து தானாக உதிர்ந்தது.

கொஞ்ச நாள் கழித்து அதன் இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருப்பதை அம்மாதான் பார்த்தார். பார்த்ததும், மாவு படிஞ்சிருக்குது என்றார். எங்கள் ஊரில் அப்படித்தான் தோன்றும். வேப்பிலை வெள்ளை, கொடியில் போட்ட துணி வெள்ளை, வேலை முடிந்து வருகிற ஆம்பிளைகளின் இமை வெள்ளை. கம்பெனி மாவு படியாத பொருள் ஒன்று இருந்தால்தான் அதிசயம். தினமும் சாயங்காலம் அம்மா ஈரத்துணியால் அந்தக் கண்ணைத் துடைத்துவிட்டார். செவலை தலையைத் திருப்பிக்கொள்ளும். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்து முடி எப்போதும் ஈரமாக இருந்தது. அழுவுது பாரு, இன்னும் அவர நெனச்சு அழுவுது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சில நாளில் அந்த வெள்ளை நீலம் கலந்ததாக மாறியது, தண்ணி கலந்த பாலின் நிறத்தில். பொம்மைப் பலகையில் இடித்துக்கொண்டு நடந்தது. எப்போதும் இடது பக்கம்தான். இதையெல்லாம் இப்போது எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது.

சித்தப்பா போன பிறகு கம்பெனியில் கொஞ்ச நாள் சூளை போடவில்லை. பிறகு கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒருவரை வேலைக்கு வைத்து முதல் சூளை போட்டார்கள். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் சித்தி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இருட்டுகிற நேரம். மூலையில் படுத்திருந்த செவலை எழுந்தது. பொம்மைப் பலகைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து பின்சுவருக்குப் போய், முகத்தைச் சுவருக்கு அருகில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. குரைக்கவில்லை. வால் மட்டும் லேசாக ஆடியது.

சித்தி தூரிகையைக் கீழே வைத்தார். சத்தம் போடாமல், காய்கறிக்காரர் வந்ததைச் சொல்கிற மாதிரி, "வந்துட்டாரு" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். செவலையும் அந்தச் சமயம் திரும்பியது. சூளைப் பக்கம் கூரை இடுக்கில் இருந்து வந்த வெளிச்சத்தில் அதன் வலது கண் சாதாரணமாக இருந்தது. இடது கண் முழுவதும் பச்சையாக எரிந்தது. கறுப்பே இல்லை, வெள்ளையே இல்லை. ஒரே பச்சை. நான் என் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

அடுத்த சூளை நாளிலும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த முறையும். சூளை போடாத நாளில் செவலை அந்தப் பக்கமே போகாது. சூளை நாளில் இருட்டுகிற நேரத்துக்கு எழுந்துபோய் நிற்கும். இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? சூளைக்காரரான சித்தப்பா சூளை நாளில்தானே வருவார். சித்தி அந்த இடத்தில் ஒரு தட்டில் சோறும் குழம்பும் வைக்க ஆரம்பித்தார். தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு எத்தனை பொம்மை முடிந்தது, கம்பெனியில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று தணிந்த குரலில் சொல்லுவார். சொல்லிவிட்டு நிறுத்துவார். பதில் கேட்கிற அளவுக்கு நேரம் விட்டுப் பிறகு சிரிப்பார். அந்த இடைவெளியைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஒருநாள் அம்மா கொடுத்தனுப்பிய ரசத்தை வைக்கப் போனேன். தெரியாமல் செவலைக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுவிட்டேன். அது என்னைப் பார்க்கவில்லை. நான் அங்கே இல்லாதது போல என் வயிற்றை ஊடுருவிக்கொண்டு அந்த நீலக் கண் நின்றது.

"தள்ளி நில்லுடா" என்றார் சித்தி. "அவரு மேல நிக்கிற."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்துவிட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னார். அதனால்தான் ரசத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடிவந்தேன்.

செய்தி பரவியது. எதிர்வீட்டுப் பெரியம்மா வர ஆரம்பித்தார். மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்த வருஷம் அவருடைய ஒரே மகன் குளிக்கப் போய்த் திரும்பி வரவில்லை. சூளை நாளில் இருட்டுகிற நேரத்துக்கு வந்து, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, பொம்மைப் பலகைகளுக்கு அந்தப் பக்கம் உட்காருவார். செவலையின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கேட்பார். அவரோட எம்புள்ளயும் வரானான்னு கேட்டுச் சொல்லும்மா. சித்தி செவலையின் வாலைப் பார்ப்பார். ஆடினால், வரான்க்கா என்பார். பெரியம்மா எழுந்துபோவார். மறுநாள் காலையில் அவர் வாசலில் கோலம் போட்டிருப்பதைப் பார்த்து, மகன் போனதிலிருந்து இப்பதான் கோலம் போடுறா என்று சந்தில் சொன்னார்கள். அதனால் அம்மாவாலும் எதுவும் சொல்ல முடியவில்லை.

அப்பாவுக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாதவர் என்றில்லை. நாய்க்குக் கண் சிவந்திருக்கிறது என்பது அவருக்குப் பட்டது, அவ்வளவுதான். யாரோ கண் ஆபரேஷன் செய்துகொண்டு மிச்சம் வைத்திருந்த சொட்டு மருந்தை வாங்கிவந்தார். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். புட்டியில் இருந்த இங்கிலீஷை வாசித்துக் காட்டச் சொன்னார். ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன். எனக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை. கண்ணுக்குன்னு போட்டுருக்குதா, அது போதும் என்று சொல்லி ஊற்றினார். நாலைந்து நாள் ஊற்றியதில் கண் இன்னும் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. ஒருநாள் அவர் இடது பக்கமாகப் போய்த் திடீரென்று தலையைப் பிடித்தபோது செவலை அவர் கையைக் கவ்விவிட்டது. பிறந்ததிலிருந்து யாரையும் கடிக்காத நாய்.

"அவருக்கு நீங்க மருந்து ஊத்துறது புடிக்கல மாமா" என்றார் சித்தி.

"எனக்கு ரத்தம் வருதுடி. உங்க ஊட்டுக்காரருக்குப் புடிக்கலயாம்" என்றார் அப்பா, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே.

அப்பா நாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளப் போன இடத்தில், நாயை மாட்டாஸ்பத்திரியில் காட்டுங்கள், பத்திரமாக வைத்துக் கவனியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். இப்படி, கண்ணுக்காக இல்லாமல் கடிக்காகத்தான் செவலை முதன்முதலில் டாக்டரிடம் போனது. அம்மா, சித்தி, நான், மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் போனோம். ஆட்டோக்காரர் நாயின் முகத்தைப் பார்த்துவிட்டு வழி நெடுகக் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டே ஓட்டினார்.

டாக்டரம்மா சின்ன வயது. கடியைப் பற்றி அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணைப் பார்த்துவிட்டார். டார்ச்சு அடித்தார். வலது கண்ணின் கறுப்பு சட்டென்று சுருங்கியது. இடது கண்ணில் நீலப் படலத்துக்குப் பின்னால் இருந்த கறுப்பு விரிந்தபடியே இருந்தது; டார்ச்சு பட்டதும் அன்று நான் பார்த்த அதே பச்சை அதற்குள் மின்னியது.

"எத்தினி நாளா இப்படி இருக்குது?"

மாவு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்ததை அம்மா சொன்னார். சொட்டு மருந்தையும் சொன்னார். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மனுசனுக்கு வேற ஏதோ கோளாறுக்குக் குடுத்தத எடுத்து நாய்க் கண்ணுல ஊத்துனா எப்படிம்மா, உங்களுக்கு மாட்டு மருந்து குடுத்தா குடிப்பீங்களா என்று கேட்டார். அம்மா, ஊத்துனவரு குடிப்பாருங்க என்றார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து உருட்டி, செவலையின் வலது பக்கம் உயரத்திலிருந்து விட்டார். பஞ்சு சத்தமில்லாமல் விழுந்தது. செவலை அது தரையைத் தொடும்வரை தலையை இறக்கிப் பார்த்தது. அடுத்து இடது பக்கம் விட்டார். பஞ்சு அதன் மூக்கு நுனி வழியாக இறங்கிப் போனது. செவலை அசையவில்லை. திரும்பவும் விட்டார். அசையவில்லை. சித்தி கீழே கிடந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறிப்போயிருக்கிறது என்று டாக்டரம்மா விளக்கினார். அந்தக் கண்ணில் பார்வை போய் வெகுநாள் ஆகிவிட்டது; வலி மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

"வலிச்சா கத்துமே" என்றார் சித்தி. "இது கத்தவே இல்லியே."

"இதுங்க கத்தாதும்மா. ஓரமாப் போயி நிக்கும். மூஞ்சியத் தேய்க்கும், எங்கனா அழுத்தி வெச்சுக்கும். சோறு கொறையும், தூக்கம் கூடும். நாமதான் பாத்துக் கண்டுபுடிக்கணும். தலையில எப்பனா அடிபட்டுச்சா?"

அம்மாதான் அந்த நாளைச் சொன்னார். மொபெட்டில் முன்னால் உட்கார்ந்து போனது, தனியாக நடந்து வந்தது, முகத்தில் சேறு இருந்தது எல்லாம்.

"அன்னிக்கு மூஞ்சியக் கழுவிப் பாக்கலியா?"

"சேதி சொல்ல வந்துச்சுன்னு நெனச்சோம்" என்றார் அம்மா.

சித்தப்பாவோடு சேர்ந்து அடிபட்ட ஜீவன். உதவி கேட்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. நாங்கள் அதை அதிசயம் என்று வரிசையில் நின்று பார்த்தோம்.

அந்தக் கண்ணை எடுத்துவிட்டால் வலி நின்றுவிடும், ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நாய் நன்றாக வாழும் என்று டாக்டரம்மா சொன்னார். சித்தி எழுந்துவிட்டார். "ஒத்தக் கண்ணோட வுட மாட்டேன்" என்றார்.

டாக்டரம்மாவுக்கு இது புரிய வழியில்லை. அம்மாவுக்கும் எனக்கும் புரிந்தது. கண் வரைகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கண்ணை வரைந்துவிட்டு இன்னொன்றை வரையாமல் எழுந்திருக்க மாட்டார்கள். கரண்டு போனாலும், பால் பொங்கினாலும், வாசலில் ஆள் கூப்பிட்டாலும் இரண்டாவது கண்ணை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். ஒற்றைக் கண்ணோடு விட்ட பொம்மை அந்த வீட்டு ஆள் ஒருவரைத் தேடிக் கொண்டுபோய்விடும் என்பார்கள். சித்தப்பா கிளம்பிய அன்றைக்கு வாசலில் நின்று கூப்பிட்டாராம். சித்தி, இரு, ஒரு கண்ணு பாக்கி இருக்குது என்று சொல்லி முடித்துவிட்டு வருவதற்குள் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். இதைத் திரும்பி வரும்போது ஆட்டோவில் சித்தி அம்மாவிடம் சொன்னார். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"முறையா ரெண்டும் முடிச்சிட்டுத்தான எழுந்த" என்றார் அம்மா. "அப்பவும் போனவரு போயிட்டாரு. பொம்மைக்கு வலிக்காதுடி. இதுக்கு வலிக்குது."

சித்தி செவலையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

அன்றைக்குக் கம்பெனியில் சூளை போட்டிருந்தார்கள். இருட்டுகிற நேரத்துக்குச் செவலை எழுந்து போனது. நான் வாசலில் நின்று பார்த்தேன். ஓடவில்லை. இந்த முறை எனக்குச் சுவரில் எதுவும் தெரியவில்லை, நாய்தான் தெரிந்தது. அது சுவரைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து, கெட்ட கண் இருந்த பக்கத்தைச் சுவரில் ஒட்டவைத்து, வலது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. சித்தி அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதன் முகம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சுவரில் கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு தட்டை எடுத்து, சோற்றைப் பிசைந்து, செவலையின் வாயருகே நீட்டினார். விடிந்ததும் அவரே தனியாக அதை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கண்ணை எடுத்துத் தைத்து, உடைந்த பிளாஸ்டிக் குடத்தை வெட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார்கள், தையலைப் பிறாண்டாமல் இருக்க. அந்தக் கோலத்திலும் செவலை மூன்றாம் நாளே காக்காயைத் துரத்தியது. நாய்க்கு இவ்வளவு பசிக்கும் என்பதையே அன்றைக்குத்தான் திரும்பப் பார்த்தோம். பிள்ளைகள் யாரும் இடது பக்கமாகப் போய்த் தொடக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வலது பக்கமாகத்தான் வரவேண்டும் என்று சித்தி எங்களுக்குச் சட்டம் போட்டார். வாரத்துக்கு ஒருமுறை விளக்கடியில் வைத்து அந்த ஒரு கண்ணைப் பார்ப்பார். சிவந்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா, விளக்கைக் காட்டினால் கறுப்பு சுருங்குகிறதா. நீங்களும் பாருங்கள். வேறு ஒன்றும் படித்திருக்க வேண்டாம்.

அடுத்த சூளை நாளன்று செவலை நடுவீட்டில் கால்களை நீட்டிப் படுத்துத் தூங்கியது. இருட்டியது. அது எழுந்திருக்கவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா முக்காட்டோடு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். தூங்குகிற நாயைப் பார்த்தார். சுவரடியில் தட்டு இல்லாததைப் பார்த்தார். ரொம்ப நேரம் காத்திருந்தார்.

"இன்னிக்கி இன்னும் வரலியாம்மா?"

சித்தி கையிலிருந்த பொம்மையை முடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"அவரு செத்துட்டாருக்கா" என்றார்.

அந்த வார்த்தையைச் சித்தி சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அப்ப எம்புள்ள?"

சித்தி எழுந்துபோய்ப் பெரியம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, பொம்மைகளுக்கு நடுவே நடத்திக் கூட்டிப்போய், அந்தக் கையைப் பின்சுவரில் வைத்தார்.

"சுடுதா?"

"சுடுது."

"சூளை எரிஞ்சா சுடும். இந்தச் சூட்டுக்குத்தான் அது வந்து மூஞ்சிய வெச்சுக்கிட்டு நின்னுருக்குது. கண்ணு வலிக்கு. வேற ஒண்ணும் இல்லக்கா."

அந்தச் சுவர் சுடும் என்பது சந்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பனிக்காலத்தில் காயாத துணியை அதில்தான் சாய்த்து வைப்பார்கள். பெரியம்மாவே எத்தனையோ முறை சாய்த்து வைத்திருக்கிறார்.

பெரியம்மா கையை எடுக்கவில்லை. இன்னொரு கையையும் சுவரில் வைத்தார். பிறகு முக்காட்டை விலக்கிவிட்டுக் கன்னத்தை அதில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். சித்தி அவரைக் கூப்பிடவில்லை. நானும் வாசலிலேயே நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் புதுச் சூளைக்காரர் யாரையோ சூளைக்கு எண்ணெய் கொண்டுவரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.